எதிர்வீட்டு வரி

வாஞ்சிநாதனுக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது. இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டுக் கிருபைராஜைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தவறாமல் சொல்லியிருக்கிறார்.

"அந்த மனுஷனுக்கு ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங் பர்மிட் ரெண்டே வருஷத்துல கிடைச்சுடுத்து. நான் எட்டு வருஷமா வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கறேன். எனக்கென்ன பொறாமையா? சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்" என்பார். கிருபைராஜ் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி ஜனவரிப் பனியிலும் ஜன்னலோரம் தளதளவென்று நிற்கும். இவர் வீட்டுச் செடி நவம்பரிலேயே குச்சியாகிவிடும். அதையும் தகவலுக்குத்தான் சொல்வார். சொல்லும்போது காது மடல் இரண்டும் சிவந்துவிடும், அவ்வளவுதான்.

வெஸ்ட் வின்ட்சரில் அந்த இரண்டு வீடுகளும் ஒரே பில்டர் ஒரே வருஷத்தில் கட்டியவை. நாலு பெட்ரூம், இரண்டரை பாத்ரூம், ஒரு பேஸ்மென்ட். ஒன்றுக்கு கராஜ் இடப்பக்கம், மற்றதற்கு வலப்பக்கம். வேறு வித்தியாசம் கிடையாது. கடவுளே வந்து பார்த்தாலும் இரண்டுக்கும் ஒரே டாக்ஸ்தான் போடுவார் என்று வாஞ்சிநாதன் நம்பிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அந்த நம்பிக்கை போயிற்று.

டவுன் ஆபீசிலிருந்து வருஷாவருஷம் வருகிற டாக்ஸ் கார்டு அன்றைக்குத்தான் வந்திருந்தது. பர்வதம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் ஃபோன் அடித்தது. வழக்கமாக யார் கூப்பிட்டாலும் ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறவள், அன்றைக்குக் கையெல்லாம் மாவு என்பதால், சுண்டு விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

எதிர்வீட்டு ஜெபராணி. "அக்கா, டாக்ஸ் கார்டு வந்துட்டா? எங்களுக்கு இந்த வருஷமும் பதினஞ்சாயிரத்து நானூத்திப் பத்துதான், பாத்துக்கிடுங்க. எல்லாம் கர்த்தர் கிருபை."

வாஞ்சிநாதனின் காபி தம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் கையிலிருந்த கார்டுப்படி அவருக்குப் பதினேழாயிரத்து அறுநூத்தி நாற்பது.

"அதே வீடு!" என்றார் ஃபோன் வைத்ததும்.

"என்னன்னா?"

"அதே வீடுடி! அதே பில்டர்! அதே செங்கல்! அவனுக்குப் பதினஞ்சு, எனக்குப் பதினேழரையா?"

"போனாப் போறது. அட்ஜஸ்ட் பண்ணிப்போம்."

இந்த 'அட்ஜஸ்ட்' வாஞ்சிநாதனின் சொந்தச் சரக்கு. ஆறு வருஷமாகப் பர்வதம் கிச்சனைப் புதுப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அலமாரிக் கதவு ஒன்று ரப்பர் பேண்டில் நிற்கிறது. குழாய் ஒழுகுகிறது. நாலு பர்னரில் ஒன்று லைட்டர் வைத்தால்தான் எரியும், இன்னொன்று லைட்டர் வைத்தாலும் எரியாது. கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், இரண்டு தீபாவளி பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வாஞ்சிநாதன் ஒரே பதில்தான் சொன்னார். "நன்னாத்தானே இருக்கு? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

இப்போது அவருக்கே அந்த வார்த்தை கசந்தது.

"அட்ஜஸ்டாவது கிட்ஜஸ்டாவது! ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்குள்ள அப்பீல் போடப்போறேன். கிருபைராஜை விட ஒரு டாலராவது கம்மியாக் கட்டலேன்னா என் பேரை மாத்திக்கறேன்!"

"பேரை மாத்தினா க்ரீன் கார்டுலேந்து எல்லாத்தையும் மாத்தணுமே" என்று பர்வதம் கவலைப்பட்டாள்.

எதிரியின் கோட்டையை முதலில் பார்க்கவேண்டாமா? அன்று சாயங்காலமே ஏணி கடன் கேட்கும் சாக்கில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு ஏணி இருந்தது வேறு விஷயம்.

"வாங்க சார், வாங்க. ஏணி எங்க ஓடியா போயிரும்? கிச்சன் புதுசாப் போட்டு ரெண்டு மாசமாச்சு, நீங்க இன்னும் வந்து பாக்கலியே" என்று கிருபைராஜ் உள்ளே கூப்பிட்டார்.

நம்மவர்கள் வீட்டுக்குப் போனால் வீட்டைச் சுற்றிக் காட்டாமல் விடமாட்டார்கள். வாஷிங் மெஷினைக் காட்டுவார்கள், துணி மாட்டும் க்ளாசெட்டைத் திறந்து காட்டுவார்கள். பார்க்கிறவர் ஒவ்வொரு வாசலிலும் "நைஸ், வெரி நைஸ்" சொல்லியாகவேண்டும். வாஞ்சிநாதன் பதினோரு தடவை நைஸ் சொன்னார். கிச்சனோடு அந்தக் கணக்கு நின்றுபோயிற்று. வெள்ளை வெளேரென்று அலமாரிகள். கதவை விட்டால் சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்கின்றன. நடுவில் கல் பதித்த மேடை, அதைச் சுற்றி காலையில் வாக்கிங்கே போகலாம். அடுப்புக்கு மேலே தனியாக ஒரு குழாய்.

"இது எதுக்கு?"

"குழம்புச் சட்டியில தண்ணி விடதுக்கு சார். சிங்க் வரைக்கும் தூக்கிட்டுப் போவாண்டாம் பாருங்க." ஜெபராணிதான் சொன்னாள். கிருபைராஜ் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு அழகான கிச்சனின் சொந்தக்காரர் முகத்தில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. வாஞ்சிநாதன் அதைக் கவனிக்கவில்லை. அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஏணியோடு வீடு திரும்பினார். வயிறு எரிந்தது. இப்படி ஒரு கிச்சனை வைத்துக்கொண்டு இவரை விடக் குறைவாகவா வரி கட்டுவான் ஒருத்தன்? ராத்திரி தயிர் சாதம் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டும் எரிச்சல் அடங்கவில்லை.

திங்கட்கிழமை டவுன் ஆபீசுக்கு ஃபோன் பண்ணினார். எதிர்வீட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரர் என்ன வரி கட்டுகிறார் என்பது ஆதாரம் ஆகாது என்றாள். உங்கள் வீடு அவ்வளவு விலை பெறாது என்று நீங்கள்தான் காட்டவேண்டும். பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலை, உங்கள் வீட்டுக் குறைகள், ஃபோட்டோ, ரிப்பேருக்கு எஸ்டிமேட் இருந்தால் அதையும் வைத்து அனுப்புங்கள் என்றாள்.

"அதாவது, என் வீடு மட்டம்னு நானே சொல்லணும்?"

"கரெக்ட்" என்றாள் அவள், இங்கிலீஷில்.

வாஞ்சிநாதன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். பத்தாவது படிக்கிற மகள் ஸ்ம்ருதியை ஃபோட்டோ எடுக்கக் கூப்பிட்டார். "அப்பா, திஸ் இஸ் ஸோ எம்பரசிங்" என்று முனகிக்கொண்டே அவள் வந்தாள். பர்வதம் பின்னாலேயே வந்தாள்.

"முதல்ல கிச்சன்" என்றார்.

"கிச்சனுக்கு என்னன்னா? நன்னாத்தானே இருக்கு?"

"என்னடி நன்னா இருக்கு? இந்தக் கதவைப் பாரு. ரப்பர் பேண்ட்ல நிக்கறது!"

"அட்ஜஸ்ட் பண்ணிண்டுதானே இருக்கேன்."

"எத்தனை நாள் அட்ஜஸ்ட் பண்ணுவே? மனுஷா சமைக்கிற இடமா இது? குழாயைப் பாரு, பர்னரைப் பாரு, இந்த ட்ராயரை இழுத்தா திரும்ப உள்ள போறதா?"

"ஒரு உதை விட்டாப் போகும்."

"உதை விட்டா! கேட்டியா ஸ்ம்ருதி, உங்கம்மா ட்ராயரை உதைச்சுச் சமைக்கறா. ஃபோட்டோ எடு!"

பர்வதம் தலையை ஆட்டினாள். "எனக்கென்னமோ நீங்க பெரிசு படுத்தறேள்னு தோணறது."

அவ்வளவுதான், வாஞ்சிநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிச்சனில் மட்டும் பதிமூன்று குறை எழுதினார். 'இந்தச் சமையலறையில் ஒரு பெண்மணி ஆறு வருடமாக அவதிப்படுகிறாள்' என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சேர்த்தார். படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. பாத்ரூம், பேஸ்மென்ட், பின்பக்க டெக் என்று வீடு முழுக்கச் சுற்றி, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இருபத்தேழு குறைகள் தேறின. ஒவ்வொன்றையும் பர்வதம் இல்லை என்றாள், அவர் உண்டு என்று நிரூபித்தார். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் ஒரு வாதத்தில் அவர் ஜெயித்தது அன்றைக்குத்தான்.

"எஸ்டிமேட்டுக்கு யாரைக் கூப்பிடறது?" என்றார் வெற்றி மிதப்பில்.

"ஐசலின்ல சந்தானம்னு ஒருத்தர் இருக்காராம். ஜெபராணி ஆத்து கிச்சன் அவர்தான் பண்ணினார். வெறும் எஸ்டிமேட்தானே, ஃப்ரீயாத் தருவாராம்."

சந்தானம் டேப்போடு வந்தார். ஒரு மணி நேரம் அளந்தார். கிச்சனுக்கு முப்பத்தெட்டாயிரம் என்றார்.

"போறாது" என்றார் வாஞ்சிநாதன்.

"சார்?"

"முப்பத்தெட்டெல்லாம் ஒரு எஸ்டிமேட்டா? கூட்டிப் போடுங்கோ."

சந்தானம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சார், பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். குறைச்சுப் போடுன்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன். கூட்டிப் போடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"ஐம்பத்திரண்டு போடுங்கோ. சும்மா ஒரு பேப்பருக்குத்தானே?"

சந்தானம் பர்வதத்தைப் பார்த்தார். பர்வதம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கூடுதல் காசுக்கு சாமான் வைக்க ஒரு பான்ட்ரியும், அடுப்புக்கு மேல ஒரு குழாயும் சேர்த்து எழுதிடுங்கோளேன். கணக்கு நிஜமாட்டம் இருக்கும்" என்றாள். அவளுடைய புத்திசாலித்தனத்தை வாஞ்சிநாதன் அங்கேயே பாராட்டினார். எஸ்டிமேட்டின் அடியில் வீட்டுக்காரர் கையெழுத்து போட ஒரு கோடு இருந்தது.

"இது வேணுமா?" என்றார்.

"கையெழுத்து இல்லாத காகிதத்தை எந்த ஆபீஸ்ல மதிப்பா?" என்றாள் பர்வதம்.

அழகாக, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பீல் மார்ச்சிலேயே போயிற்று. மே மாதம் டவுன் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். உயரமான வெள்ளைக்காரர், கையில் ஒரு அட்டை. வாஞ்சிநாதன் நம் வழக்கப்படி அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார், தலைகீழாக. ஒவ்வொரு வாசலிலும் அவரே "பேட், வெரி பேட்" என்றார். கிச்சனில் அந்த அதிகாரி தெரியாத்தனமாக அலமாரிக் கதவைத் தொட்டார். ரப்பர் பேண்ட் அறுந்து கதவு அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பர்வதத்தைப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி என்று மெதுவாகக் கேட்டார்.

"சிக்ஸ் இயர்ஸ்" என்றாள் பர்வதம். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று வாஞ்சிநாதன் உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. புது வரி பதினஞ்சாயிரத்து முந்நூத்தி எண்பத்தெட்டு. வாஞ்சிநாதன் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். கிருபைராஜை விட இருபத்திரண்டு டாலர் குறைவு! மிச்சமான இரண்டாயிரத்துச் சொச்சத்தை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த இருபத்திரண்டுதான் தித்தித்தது.

சந்தோஷத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிருபைராஜாகவே இருக்கவேண்டும். சனிக்கிழமை காலை எதிர்வீட்டு வாசலில் கிருபைராஜ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, ஏணியைத் திருப்பித் தரும் சாக்கில் போனார்.

"டாக்ஸ் அப்பீல் போட்டேன். ஜெயிச்சுட்டேன். உங்களை விட இருபத்திரண்டு டாலர் கம்மி. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்."

கிருபைராஜின் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தார். அது கறுக்கவில்லை. கிருபைராஜ் குழாயை மூடிவிட்டுக் கிட்டே வந்தார்.

"எஸ்டிமேட் வாங்குனீங்களா சார்?"

"வாங்கினேன்."

"சந்தானமா?"

"ஆமா."

"கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"போட்டேன். அதுக்கென்ன?"

கிருபைராஜ் ஏணியை வாங்கிக் கீழே சாய்த்துவிட்டு வாஞ்சிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால நானும் இப்படித்தான் சார். பக்கத்து ஊரு பிளெய்ன்ஸ்பரோவுல நாகலக்ஷ்மி அக்கா வீட்டுல டாக்ஸ் கம்மின்னு காதுல விழுந்துட்டு. வயித்தெரிச்சல் தாங்கல. நானே குறை எழுதுனேன், நானே கையெழுத்து போட்டேன். அந்த பேப்பரை வச்சுக்கிட்டு ஜெபராணி என்னை ஆட்டி வச்சா பாருங்க. ஒண்ணரை வருஷம் இழுத்துப் பாத்தேன். கடைசியில கிச்சனும் போச்சு, பேஸ்மென்டும் போச்சு."

"போச்சுன்னா?"

"புதுசாயிட்டு சார். போன வாரம் டவுன்லேந்து ஆளு வந்து எல்லாத்தையும் பாத்தாரு. வீடு ஜம்முன்னு இருக்கே, இனிமே பதினெட்டாயிரம் கட்டுங்கன்னுட்டுப் போயிட்டாரு."

பதினெட்டாயிரம்! ஒரே ஒரு நொடி வாஞ்சிநாதனின் மனசு குளிர்ந்தது. அடுத்த நொடி விஷயம் புரிந்தது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லப்படாதா ஓய்?"

கிருபைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருக்கணும். மனசு வரலை சார். ரப்பர் பேண்ட் போட்ட கதவோட ஆறு வருஷமா அசையாம உக்காந்திருந்தீங்களே! உங்க வீட்டைத் தாண்டிப் போவும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா?"

அப்போது தெருமுனையில் ஒரு பெரிய ட்ரக் திரும்பியது. மெதுவாக வந்து வாஞ்சிநாதன் வீட்டு வாசலில் நின்றது. முன்சீட்டிலிருந்து சந்தானம் இறங்கினார், மரியாதையாகக் கும்பிட்டார்.

வாஞ்சிநாதன் செருப்பு ஒன்று கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினார். கிச்சனில் பர்வதம் பாத்திரங்களையெல்லாம் அட்டைப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தாள். மேஜைமேல் அவருடைய ஃபைல் இருந்தது.

"பர்வதம்! என்னடி இது? அந்த எஸ்டிமேட் சும்மா பேப்பருக்குத்தானே?"

"உங்க கையெழுத்தாச்சே."

"கிச்சன் நன்னாத்தானே இருக்கு!"

"அப்படியா?" ஃபைலைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இதுல மனுஷா சமைக்கிற இடம் இல்லேன்னு எழுதியிருக்கே. எழுதினதெல்லாம் சத்தியம்னு கீழே வேற போட்டிருக்கேள். அந்த ஆபீசர் பாவம், நல்ல மனுஷர். ஃபோன் பண்ணி, எங்காத்துக்காரர் விளையாட்டுக்கு எழுதிட்டார், எல்லாம் நன்னாத்தான் இருக்குன்னு சொல்லிடட்டுமா?"

வாஞ்சிநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் இருபத்திரண்டு டாலர் போய்விடும். அதோடு மானமும் போய்விடும்.

"வேண்டாம்" என்றார்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னா" என்று பர்வதம் ஃபைலை மூடினாள். "பயப்படாதீங்கோ. இந்த வருஷம் கிச்சன் மட்டும்தான். பதினாலுலேந்து இருபத்தேழு வரைக்கும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

முதல் அலமாரி சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது. வாஞ்சிநாதன் படிக்கட்டில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் பாக்கி இருந்தது. என்ன ஆனாலும் இன்றைய தேதிக்கு இந்தத் தெருவிலேயே குறைவான டாக்ஸ் அவருடையதுதான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதைக் கேட்டுப் பொறாமைப்பட்டால் போதும்.

ஃபோன் அடித்தது. பர்வதம் எடுத்தாள். மூலைவீட்டு பாலசுப்ரமணியனின் மனைவி.

"சொல்லு தீக்ஷா. ஆமாண்டி, வேலை ஆரம்பிச்சாச்சு. உங்காத்து பாத்ரூம் இன்னும் அப்படியேதானே இருக்கு?" என்றவள், இன்றைக்கு மாவில்லாத கையால் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "எங்க டாக்ஸ் இப்போ எவ்வளவு தெரியுமோ? இரு, இரு. உங்காத்துக்காரர் பக்கத்துல இருக்காரா? அப்போ ஸ்பீக்கர்ல போடு."